வண்டிக்குக் காவல்

களியக்காவிளை தாண்டியதும்
போர்டுகளில் எழுத்து உருண்டது.
பின்சீட்டில் ஒருத்தன் எழுந்து கத்தினான்:
"கேரளா வந்தாச்சுடோய்!"
பதினெட்டுப் பேரும் கைதட்டினார்கள்.
விடிகாலையில் நான் சாயா குடித்த கடை
இடப்பக்கமாய்ப் போனது.
சொல்லவில்லை.
கைதட்டல் ஓயட்டும் என்று
ஆரன் அடித்துக்கொண்டு போனேன்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்கள்.
ஆண்டுக்கு ஒரு நாள்
முதலாளி செலவில் கடல்.

பூவாறில் பொழி முறிந்து கிடந்தது.
நெய்யாறு
இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
நின்று யோசித்தது.
படகுக்காரன் ஆளுக்கு நூறு கூட்டிச் சொன்னான்.
எனக்கு ஒரு சாயா, இரண்டு பழம்பொரி.
இதையெல்லாம் எழுதக் கூடாது.
எழுதிவிட்டேன்.

கோவளத்தில் லைட்ஹவுஸ்.
வெள்ளையும் சிவப்புமாய் வரி போட்டு நிற்கும்;
பதினொரு வருஷமாய்
அதன் நிழல் எத்தனை மணிக்கு எந்தச் சுவரில் விழும்
என்று மட்டும் தெரியும் எனக்கு.
ஏறுகிறவர்கள் ஏறுவார்கள்.
ஈரச் செருப்பு, பால்புட்டி,
ஒருமுறை பல்செட்டு,
கைக்குட்டையில் முடிந்த தாலிச்செயின்:
எல்லாவற்றுக்கும் கீழே நான்.

லிப்டுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது அன்று.
ஓவர்லாக் மிஷின் மயிலாத்தாள்
முட்டியைத் தடவிக்கொண்டு
படியை அண்ணாந்து பார்த்தார்.
"ஏனுங்க டிரைவரே,
டிக்கெட்டு வீணாப் போகுதுங்க.
நீங்க ஏறிட்டு வந்து என்னன்னு சொல்லுங்க.
வண்டிய நான் பாத்துக்கறேன்.
சாவியையும் குடுத்துட்டுப் போங்க."

சுற்றிச் சுற்றிப் படி.
சுவரில் உப்பின் குளிர்ச்சி.
முன்னால் ஒரு மலையாளத்துப் பையன்
சத்தமாய் எண்ணினான்,
பின்னால் நான் வாய்க்குள்.
எழுபத்தொன்று வரை ஒரே மாதிரிதான் இருந்தது,
பிறகு இரண்டு பேருக்கும் தவறியது.

மேலே காற்று
சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தது.
கணக்கர் தமிழ்ச்செல்வம்
கம்பியைக் கட்டிக்கொண்டு கேட்டார்:
"இதுல தமிழ்நாடு எதுங்க?"
தெற்கே கை நீட்டினேன்.
துறைமுகத்துக் கிரேன்களுக்கு அப்பால்
தென்னை,
தென்னைக்கு அப்பால் தென்னை,
பிறகு புகைபோல ஏதோ ஒன்று.
"எதுங்க?" என்றார் மறுபடி.
கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.
நான் தேடியது எனக்க வண்டியை.

தீப்பெட்டி அளவில் நின்றது.
அதன் தலையை அன்றுதான் பார்க்கிறேன்.
காயப்போட்ட துண்டுகள்,
ஸ்டெப்னி மேல் ஒரு காக்கை,
நடுவில் வாழையிலை அகலத்துக்குத் துரு.
தினமும் துடைத்தது
பக்கங்களை மட்டும்தானா?

டிரைவர் சீட்டில் மயிலாத்தாள்.
கதவு திறந்து, கால் இரண்டும் வெளியே தொங்க.
இப்படியும் அப்படியும் பார்த்தார்.
யாரும் இல்லையென்று தெரிந்ததும்
காலை உள்ளே இழுத்து
வளையத்தை இரண்டு கையால் பிடித்தார்.

அமுக்கினார்.

ஊரை விலக்கி விலக்கி நான் ஓட்டிய அந்த ஆரன்
அவ்வளவு உயரம் வந்து சேர்ந்தபோது
நாலு தெரு தள்ளி
யாரோ என்னைத் தேடுவதுபோல இருந்தது.

இறங்கினேன்.
அவர் பழைய இடத்தில்
நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.
"என்னங்க தெரிஞ்சுது?"
"கடல்தான்" என்றேன்.
"நான் தெரிஞ்சனுங்களா?"
"தெரிஞ்சிய."
சாவியைத் தந்தார், சூடாக இருந்தது.
"கம்பெனில சொல்லீராதீங்க."
கடல் எப்படி என்று அதற்குமேல் கேட்கவில்லை.
நல்லதாய்ப் போயிற்று.
நானும் அதைச் சரியாய்ப் பார்த்திருக்கவில்லை.

சங்குமுகத்தில் சூரியன் விழுமுன் போய்ச் சேரணும்.
ஆட்களை எண்ணினேன்.
பதினெட்டு.
கிளட்சை விட்டு
கோவில் முக்கு திரும்பும்போது
பின்னால் ஒரே கூச்சல்.
என்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்.

கண்ணாடியில்
கணக்கர்
நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு
ஓடி வந்துகொண்டிருந்தார்.