முழு இழப்பு

அயினிக் கொம்பு விழுந்தது கூரையில்தான்.
எஞ்சினுக்கு ஒன்றுமில்லை என்று
சோபனராஜ் சாவியைத் திருப்பிக் காட்டுகிறான்.
முதல் திருப்பிலேயே பிடிக்கிறது,
பதினாறு வருட ஆம்னி, மார்த்தாண்டம் பதிவு,
உள்ளே ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை.

"ஓடுதே சாரே" என்கிறேன்.
சர்வேயர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி
"ஓடுறது வேற, கணக்கு வேற" என்கிறார்.

மதிப்பு எண்பத்திரண்டாயிரம்.
கூரை, கண்ணாடி, தூண், பெயின்ட், கூலி
எல்லாம் சேர்த்து எழுபத்தோராயிரம்.
நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால்
வண்டி, வண்டி இல்லை.

எண்பத்திரண்டு யார் போட்டது?

போன ஆவணியில் ஏஜென்ட் கிறிஸ்துதாஸ்
"லெச்சத்துக்கு வேண்டாம், கொஞ்சம் கொறச்சுப் போடுகேன்,
அறுநூறு மிச்சம் பாத்துக்கிடுங்க" என்றபோது
அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில்
கையெழுத்துப் போட்டவள் நான்தான்.
லட்சமென்றே விட்டிருந்தால்
இது வெறும் ரிப்பேர்.
அந்த அறுநூறில் என்ன வாங்கினேன் என்று
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

உடைந்தபடியே வைத்துக்கொள்ளலாமாம்,
இருபதாயிரம் கழித்துத் தருவார்களாம்.
வைத்து?
கூரையில்லாமல் இடவப்பாதி மழைக்கு
ஷீட்டுக்கட்டு ஏற்றவா?
மூன்று இடத்தில் ஒப்பமிடுகிறேன்.

"பெட்ரோல்?"

அவர் தாள்களைப் புரட்டுகிறார்.
அதற்குக் கட்டம் இல்லை.

சோபனராஜ் டியூபை வாயில் வைத்து உறிஞ்சி
துப்பி, இருமி, கேனில் விடுகிறான்.
மூன்றரை லிட்டர்.
ஸ்கூட்டியில் ஊற்றிக்கொண்டு கிளம்புகிறேன்.
குழித்துறைப் பாலம் வந்துவிட்டது.
இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டர்
மிச்சம்.