உடைசல் கணக்கு

லிம் சூ காங்கில் சாலை எப்படி என்று
வானொலியைக் கேட்காதீர்கள்.
விரைவுச்சாலைகளோடு முடிந்துபோகும் அவர்கள் உலகம்.
என் வேனின் பின்கதவைத் திறந்து பாருங்கள்.
தட்டுக்கு முப்பது முட்டை,
நூற்றிருபது தட்டு.
நான்கு உடைந்திருந்தால் சாலை சௌக்கியம்.
பதினொன்று என்றால்
நியோ தியூ வளைவில் எங்கோ
ஒரு வேர் தாரை முதுகால் தூக்கியிருக்கிறது.

இந்த நாட்டில் குழிக்கு ஆயுள் மூன்று நாள்.
யாராவது படமெடுத்து அனுப்புவார்கள்.
இரவோடு இரவாக வந்து
அடைத்துவிட்டுப் போவார்கள்.
குழியையாவது மன்னித்துவிடலாம்.
அடைத்த இடம் ஒரு விரல் உயரம் அதிகம்.
உங்கள் காருக்கு அது ஒரு விக்கல்.
எனக்கு அரைத் தட்டு.

ஏப்ரலில் கல்லறைக் கூட்டம்.
சுவா சூ காங் முனையிலிருந்து
வண்டிகள் வாலைப் பிடித்து நிற்கும்.
முன்னால் நின்ற காரில்
வறுத்த பன்றி ஒன்று
இருக்கை வார் போட்டு அமர்ந்திருந்தது,
ஓட்டுநரைவிடப் பொறுமையாக.

மற்ற மாதங்களில் செங்கொடி.
பத்தொன்பது வயதிருக்கும் பையன்,
முகமெல்லாம் பச்சை மை.
கவச வண்டிகள் கடக்கும்வரை
எல்லோரையும் நிறுத்திவைத்துவிட்டு
எனக்கு மட்டும் மெல்லச் சொல்வான்:
"சாரி அங்கிள்."

ஒருமுறை சாலையையே எடுத்துக்கொண்டார்கள்.
விளக்குக் கம்பங்களைக் கழற்றி,
பேருந்து நிறுத்தத்தைப் பெயர்த்து,
கோடுகளை அழித்து வேறு கோடு போட்டு.
நான் முட்டை கொண்டுபோன இடத்தில்
போர் விமானம் இறங்கியது.
சுற்றுப்பாதையில் போனேன், நாற்பது நிமிடம் கூடுதல்.
விமானிக்கு அந்த மேடு தெரிந்ததா
என்று கேட்க ஆசை.

இப்போது கேபிள் பதிக்கிறார்கள்.
அறந்தாங்கி அழகுராசா
இரவெல்லாம் பலகை பிடிக்கிறார்.
ஒரு பக்கம் நில்,
மறுபக்கம் மெதுவாகப் போ.
"ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை திருப்புவீங்க?"
"எண்ணுனா கை வலிக்கும்ணே."

புதன்கிழமை. ஐந்தேகால்.
மழை விட்டும் விடாமல்.
அவருடைய கூம்புகளைத் தாண்டி
இரண்டாம் கியரில் எடுக்கிறேன்,
இடப்பக்கப் புதர் எழுந்து நடந்தது.

காட்டுப்பன்றி.
பின்னால் கோடு போட்ட குட்டிகள்,
ஆறு, இல்லை ஏழு.

வேன் நின்றது.
முட்டைகள் கொஞ்சம் பிந்தி நின்றன.

எதிரே டிப்பர் லாரி, மண் பாரம்,
வெளிச்சம் மட்டும் முதலில் வந்தது.
அழகுராசா ஓடினார்.
பலகையைத் தூக்கிக்கொண்டு,
ஒற்றைக் காலணி சேற்றில் கழன்றுபோக,
லாரிக்கு முன்னால் நடுச்சாலையில்
நில் என்று திருப்பிப் பிடித்தார்.

மேலும் கீழும் மூச்சு வாங்கியது லாரி.
தாய் அவசரப்படவில்லை.
அந்தப் பலகையை மதித்து
இவ்வளவு நிதானமாகப் போன ஆள்
அன்றிரவு வேறு யாருமில்லை.

கடைசிக் குட்டி திரும்பி வந்தது.
பின்கதவு இடுக்கில் சொட்டிய மஞ்சளை மோந்து
ஒரு நக்கு நக்கியது.
தாய் உறுமினாள். ஓடிற்று.
அழகுராசா பலகையைத் திருப்பினார்.
பிறகு செருப்பைத் தேடினார்.

மேடம் கூவின் நோட்டில்
எண்ணுக்கு ஒரு கட்டம்,
காரணத்துக்கு அதைவிடச் சின்னக் கட்டம்.
இதுவரை நான் எழுதியவை:
மேடு. செங்கொடி. கல்லறை.
அன்றைக்கு: நானூற்றுப் பன்னிரண்டு.
காரணம்: பன்றி, குடும்பத்தோடு.

கால்குலேட்டரைத் தட்டினார்.
மறுபடி தட்டினார்.
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
"குட்டி எத்தனை?" என்றார்.
"ஆறு. இல்லை, ஏழு."
"எல்லாம் போய்ச் சேர்ந்ததா?"
தலையாட்டினேன்.

சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்,
அது வேறு.

வெள்ளிக்கிழமை உடைசல் ஐந்து.
அந்த வளைவில் மட்டும்
முதல் கியருக்கு வந்துவிடுகிறேன்.
பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.
அடிக்கட்டும்.