கரிமூட்டை

கூனபாராபிரானில் என் வேலை
தெருவிளக்குகளுக்குத் தொப்பி மாட்டுவது.
ஒளி தரையில் விழலாம், பக்கவாட்டில் கசியலாகாது,
மேலே ஒரு துளியும் போகக் கூடாது.
மலைமேல் தொலைநோக்கிகள் விழித்திருக்கின்றன.
கவுன்சில் ஆவணத்தில் என் பதவிக்கு நீளமான பெயர்.
டேரல் அதைச் சுருக்கி வைத்திருக்கிறான்:
இருட்டு மெக்கானிக்.

மே மாதம், உறைபனிக்கு முந்தின இரவு.
வேலைச் சீட்டில் ஒரு புகார்.
"விளக்கை மாற்றிய பிறகு வாசல் தெரியவில்லை.
படியில் தடுக்கி விழுந்தேன். மிஸஸ் கிரெண்டன்."
கட்டுப்போட்ட முழங்காலின் படமும் இணைப்பில்.

ஏணி சாத்தி ஏறி
ஃபியூஸைப் பிடுங்கினேன்.
தெரு விருட்டென்று பின்வாங்கியது.

கண் பழக இருபது நிமிடம் பிடிக்கும்.
அதற்குள் டேரல் ஒரு மீட் பை தின்று முடித்தான்,
காகிதத்தைக் கசக்கும் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு வந்தது வானம்,
ஒரு பக்கம் சாய்த்துக் கொட்டிய அரிசிமாவாக.
அதன் நடுவில்
சிலுவையின் காலடியில்
யாரோ கட்டைவிரலால் அழித்த இடம்.

"அங்கே மட்டும் ஏன் ஒன்றுமே இல்லை?"
மிஸஸ் கிரெண்டன், போர்வையோடு, அணைத்த டார்ச்சோடு.

"இருக்கிறது. தூசி.
பின்னாலுள்ள வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது."

"தூசியா!
ஐம்பது வருஷமாய்த் துடைக்கிறேன்,
அலமாரிமேல் மறுநாளே திரும்பி வந்துவிடும்."

மாலுமிகள் அதற்கு வைத்த பெயர் கரிமூட்டை.
எனக்குக் கரி தெரியும்.
அத்திப்பட்டில், அனல்மின் புகைபோக்கிக்குக் கீழே
பதினெட்டு வயதுவரை எனக்கு
வெள்ளைச் சட்டை கிடையாது.
கொடியில் காய்வதற்குள் சாம்பல் உடுத்திக்கொள்ளும்.
குழாய் வெடித்த வருடம்
ஆற்று இறாலின் வயிற்றிலும் அதே சாம்பல்.
எங்கோ ஒரு நகரம் பளிச்சென்று எரிய
நாங்கள் இருமினோம்.
தூசி என்றால் எனக்கு
எரிந்து முடிந்ததன் மிச்சம், அவ்வளவுதான்.

டேரல் வானத்தை நோக்கி முகவாயை உயர்த்தினான்.
"எங்க ஆளுங்களுக்கு அது ஈமுவோட தலை.
கழுத்து அந்த ரெண்டு வெள்ளி வழியா இறங்குது பாரு.
நட்சத்திரத்தப் பாக்காத, நடுவுல இருக்கறதப் பாரு.
இந்த மாசம் ஓடிக்கிட்டிருக்கு.
அடுத்த மாசம் முட்டைமேல உக்காந்துரும்."

பார்த்தேன்.
ஒரு தடவை பார்த்துவிட்டால்
பார்க்காமல் இருக்க முடியவில்லை.

போன மாதம் மலைமேல் படிக்கட்டு விளக்குப் பழுது.
சரிசெய்துகொண்டே கேட்டேன்,
அந்த மூட்டைக்குள் என்ன பிறக்கிறது?
தூங்கப் போகிற ஆய்வாளர், கையில் பல்துலக்கி.
"அதிலா? இதுவரை ஒன்றும் பிறந்ததாகத் தெரியவில்லை.
இன்னும் குளிர வேண்டும். இன்னும் நெருங்க வேண்டும்.
சில மேகங்கள் தம் எடை தாங்காமல் உள்ளே சரிந்து
நட்சத்திரம் ஆகும்.
சில, சும்மா கலைந்து போகும்."

கரு என்கிறோம்.
கருத்தது எல்லாம் அதிலிருந்துதான்.
முட்டையை உடைத்தால் மஞ்சளாய் நிற்பதும் அதுதான்.
கருவாகாத முட்டையிலும்
அதையே கரு என்கிறோம்.
எங்கள் மொழி சற்று அவசரப்பட்டுவிட்டதோ,
அல்லது
காத்திருப்பதற்கே பெயர் வைத்துவிட்டதோ.

தொப்பியின் விளிம்பை
இரண்டு விரற்கடை வெட்டினேன்,
படிவரை மட்டும் ஒளி எட்டும்படி.
ஃபியூஸைப் போடக் கையை நீட்டினேன்.

"கொஞ்சம் இரு" என்றார் மிஸஸ் கிரெண்டன்.
தடுக்கிய அதே படியை
உள்ளங்கையால் தடவிக் கண்டுபிடித்து
உட்கார்ந்தார்.

சீட்டில் 'பணி முடிந்த நேரம்' என்ற கட்டம்
காலியாக இருந்தது.
டேரல் ஏணியைப் பிடித்தபடி.
ஃபியூஸ் என் பையில்
மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.