கங்கைகொண்டான், காலை ஐந்து பத்து

மூன்று மணி பஸ் பெருங்களத்தூருக்கு
ஐந்தேகாலுக்கு வந்தது.
வந்ததே பெரிது என்று ஏறினோம்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒன்றரை மணி நேரம்.
முன்னால் நின்ற காரின் பின்கண்ணாடியில்
ஒரு குழந்தை எனக்குப் பழிப்புக் காட்டி,
அலுத்து, தூங்கி, எழுந்து,
மறுபடியும் பழிப்புக் காட்டியது.
திருச்சிக்கு இந்தப் பக்கம் மழை.
துவரங்குறிச்சியில் டிரைவருக்கும் ஓட்டல்காரனுக்கும்
ஏதோ பழைய கணக்கு.
மதுரையைச் சுற்றிக்கொண்டு போகையில்
அப்பாவின் போன்.
"எங்க வாற?"
திருமங்கலம் தாண்டலப்பா.
"சரி, தூங்கு."

ஆடியில் நான் ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து
எங்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு.
எங்க வாற. சாப்ட்டியா. சரி.

போன வருஷம் தலைதீபாவளி.
ரயிலில் அடுத்தடுத்த படுக்கை.
ஐந்து நிமிஷம் முன்பாகவே
ஜங்ஷனில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.
மாப்பிள்ளைக்கு ஒரு பவுன் மோதிரம்.
அதற்கு வைத்த வளையலின் ரசீது
அப்பாவின் டைரிக்குள் இன்னும்
வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.
கோர்ட்டில் கேஸ்
வாய்தா வாய்தாவாக
இந்த பஸ்ஸைப் போலவே நின்று நின்று.

விடியுமுன்னே போய்ச் சேரணும் என்று
எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.
ஆனால் வண்டி நின்ற இடத்திலெல்லாம்
எனக்குள் ஒரு சின்ன நிம்மதி,
டிக்கெட் எடுக்காமல் ஏறிய ஆளைப் போல
தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது.

கயத்தாறு தாண்டி ரப்பர் கருகும் வாடை.
கங்கைகொண்டான் வருமுன் பின்பக்கம் ஒரே ஆவி.
ரேடியேட்டர் குழாய் என்றார் டிரைவர் குத்தாலிங்கம்.
கடையெல்லாம் சாத்தியிருக்கும், தண்ணி இருந்தா
கட்டுப் போட்டு ஓட்டிரலாம்.
ரோட்டுக்குக் கீழே ஒரு மோட்டார் ரூம்.
தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் வந்து
சுவிட்சைத் தட்டினார்.
வாளி, கேன், தண்ணீர் பாட்டில்,
யாருடையதோ பிள்ளைக் குளிப்பாட்டும் டப்பா,
கை மாறிக் கை மாறி மேலே போயிற்று.
தீபாவளியன்று முதல் முழுக்கு எஞ்சினுக்கு.

தூரத்து ஊரில் சரவெடி கேட்டது.
விருதுநகரில் ஏறிய வேலுமயில்
சீட்டுக்கடியிலிருந்து நல்லெண்ணெய் டின்னை இழுத்தார்.
"மச்சினன் வீட்டுக்கு அஞ்சு லிட்டர் கொண்டு போறேன்.
நாலரை லிட்டர் போனா அவன் என்ன,
அளந்தா பாக்கப் போறான்?"

முதலில் சிரிப்பு. பிறகு ஒருவர் கை நீட்டினார்.
பிறகு எல்லாக் கையும்.
எனக்கு முன்சீட்டில் புது ஜோடி.
அந்தப் பையன் பட்டு வேட்டியைப் பையிலேயே வைத்துவிட்டு
துண்டோடு தொட்டிக்குள் இறங்கினான்.
மாமனார் போனில் கத்திக்கொண்டேயிருந்தார்,
எடுக்க ஆளில்லை.
அந்தப் பெண், பெயர் மங்கையர்க்கரசி,
என் உச்சந்தலையில் எண்ணெயை அறைந்து தேய்த்தாள்.
"வீட்டுக்காரர் வரலியாக்கா?"
லீவு இல்ல என்றேன்.
அவள் கை ஒரு நொடி நின்றது,
பிறகு இன்னும் அழுத்தித் தேய்த்தது.

அப்பளச் சத்தம்போல மழை தூறியது.
குழாய்த் தண்ணீர் அதைவிடக் கதகதப்பு.
சீயக்காய் இல்லை, யாரோ கொடுத்த
ஒரு ரூபாய் ஷாம்பு, பாதி எண்ணெய் போகவில்லை.

ஐந்து பத்துக்குப் போன்.
"எங்க வாற?"
கங்கைகொண்டான்லப்பா.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
வண்ணார்பேட்டையில் டிவிஎஸ்ஸை ஓரங்கட்டி
மழைக்கோட்டின் பொத்தான் மாறிப் போட்டு
நின்றுகொண்டிருப்பார், மூன்று மணியிலிருந்து.
பிறகு, பேட்டை மில்லின் பழைய மேனேஜர் அய்யரைப் போல
மூக்கால் இழுத்து,
"கங்கா ஸ்நானம் ஆச்சா?"

நாலு மாசத்தில் முதல் கேலி.

ஆச்சுப்பா, என்றேன்.
நிஜமாத்தான்.
அவர் நம்பவில்லை. சிரித்தார்.
காதோரம் வழிந்த எண்ணெய்த் தண்ணீர்
போனை நனைத்துக்கொண்டிருந்தது.

எஞ்சின் உறுமியது. குத்தாலிங்கம் தலை எண்ணினார்.
ஒன்று குறைந்தது.
வேலுமயில், சோப்புத் தேடி ஊருக்குள் போயிருக்கிறாராம்.
இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் என்றார்கள்.
பெருங்களத்தூரிலிருந்து இதுவரை இல்லாமல்
எனக்கு அப்போதுதான்
அவசரமாக இருந்தது.