சுரண்டிய இடம்

சிலிம் ரிவர் கோயில் அலமாரியில்
கறையான் தின்று மிச்சம் வைத்த
லத்தீன் புத்தகம் ஒன்று கிடந்தது.
முந்நூறு வருடத்துக்கு முன்
கறுப்பங்கித் துறவிகள் சிலர்
பழந்தோலேடுகளை விரித்துவைத்து
மெய் எது பொய் எது என்று பிரித்த கணக்கு.
மையின் நிறம் பார். எழுத்தின் வாலைப் பார்.
தேதி போட்ட முறையைப் பார்.

பினாங்கு குருமடத்திலிருந்து
மூன்றாம் வருடம் ஓடி வந்தவன் நான்.
லத்தீனும் கூடவே ஓடி வந்துவிட்டது.

இன்று காலை பனிமயம் வந்தாள்.
வேர்த்து ஒழுகும் ஊரில் அப்படி ஒரு பேர்.
கையில் சிவப்புக் கார்டு.
பிறப்புச் சூரா தோட்டத்து ஆபீசோடு எரிந்துபோச்சாம்.
"ஞானஸ்நானச் சான்று கேக்குறாங்க, கிராணி."
வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி
ரயில் கேட்டில் நின்று உறுமியது.

ஐம்பத்தேழாம் வருட ரிஜிஸ்தர், நாற்பத்திரண்டாம் வரி.
துவால் சாமியார் கையெழுத்து,
கிழட்டுப் பால்மரங்கள் போல இடப்பக்கம் சாயும்.
பிறப்பு: செப்டம்பர் 2.
டார்ச்சைப் படுக்கவைத்துப் பிடித்தேன்.
தாள் மயிர் சிலிர்த்து நின்றது.
சவரக் கத்தி.
இருபத்தொன்பதில் ஒன்பதைச் சுரண்டி
இரண்டை விட்டுவைத்திருக்கிறார்.
மாதத்துக்கு அடியில், ஆவி போல, ஆகஸ்டு.

முப்பத்தொன்றில் சுதந்திரம்.
அதற்கு முன்னால் விழுந்த பிள்ளைக்குச் சிவப்பு,
பின்னால் விழுந்ததற்கு நீலம்.

மை சற்றே பச்சை. அறுபத்தொன்பதில்தான்
அவர் அந்த மைக்கு மாறினார்,
பெர்மிட் இல்லை என்று
பாதி லயத்தைக் கப்பலேற்றிய சமயம்.
பொய்யைத் தயாராக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.
இவள் அப்பன் வாங்க வரவே இல்லை.
இருபத்தாறு வருடம் அது இங்கேயே கிடந்தது.

பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
ஞானஸ்நானம்: செப்டம்பர் 1.
பிறப்பதற்கு முந்தின நாளே
இவள் தலையில் தண்ணீர் ஊற்றியாயிற்று!

பட்டயங்களைத் திருத்தியவர்கள்
திருடர்கள் அல்ல, பெரும்பாலும் நம் சகோதரர்களே,
என்கிறது புத்தகம்.
மடத்து நிலம் கைவிட்டுப் போகாதிருக்கப் பொய் எழுதினார்கள்.
அதே மடங்களில் பின்னால் வந்தவர்கள்
விளக்கைச் சாய்த்துப் பிடித்தார்கள்.

"எழுத்து வெளங்கலையா, கிராணி?"
"நல்லா வெளங்குது. கொஞ்சம் உக்காரு."

ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு.
அவ்வளவுதான். பதினொன்று.
அடுத்த வரியில் செப்டம்பர் 8 இருக்கிறது,
பதினொன்று புதன்கிழமை வேறு,
புதன்கிழமையில் எவன் ஞானஸ்நானம் கொடுப்பான்?
நாளைக்கு ஒருவன் டார்ச்சோடு வந்தால்
சாமியாரை விட்டுவிட்டு என்னைப் பிடிப்பான்.

பிடிக்கட்டும்.
இழுப்பறையின் அடியில்
சாமியாரின் மைக்கூடு காய்ந்து பொருக்காடி இருந்தது.
இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.
பச்சை மெல்லக் கரைகிறது.