ஈடு

தம்பு செட்டித் தெருவில்
மாடிப்படிக்குக் கீழே என் மேஜை.
வக்கீல் மேலே இருக்கிறார்.
படியேறுமுன் எல்லோரும்
என்னிடம்தான் பேனா கேட்பார்கள்.

நாற்பத்தைந்து நாள் கெடுவில்
நாற்பத்து மூன்றாம் நாள்
கொருக்குப்பேட்டையிலிருந்து தேசம்மா வந்தாள்.
ரயில்வே கேட் மூடியிருந்ததாம்.
கூட்ஸ் வண்டி,
நாற்பது பெட்டி வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டாளாம்.
"எண்றதுல இப்ப நம்பிக்கை இல்ல சார்"
என்றாள், சிரிக்காமல்.

சீப்புச் சின்னம். சுயேச்சை.
பதினோரு ஓட்டில் தோல்வி.
மாநகராட்சிப் பள்ளியில், ராத்திரி ஒன்றே காலுக்கு,
நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவில்
திரும்ப எண்ணச் சொல்லிக் கேட்டதற்கு
அதிகாரி கொட்டாவியை முழுசாக முடித்துவிட்டு
முடியாது என்றாராம்.

தெருவில் ஆறுதல் சொன்னார்கள்:
டெபாசிட் போகலையே, அதுவே பெரிசு.

போகாத அந்த டெபாசிட்டைத்தான்
திருப்பி வாங்கிக் கொண்டுவந்திருந்தாள்.
போதாததற்கு
மாவு மில் கல்லாவிலிருந்து கொஞ்சம்.
எண்ணி முடித்தபோது
என் விரல் நுனியெல்லாம் அரிசி மாவு.

சொன்னேன்:
மனுவோடு சேர்த்தே கட்டணும்மா.
நாளைக்குக் கட்டுறேன் என்றால்
மனுவே இல்லை.

"எதுக்குச் சார் இது?"

நீ தோற்றால்
ஜெயித்தவருக்கு ஆகும் செலவுக்கு ஈடு.

எதிர்க் கடைக்காரன்
ஒரு முழு ஐஸ் கட்டியை உடைத்து முடிக்கும் வரை
அவள் பேசவில்லை.
"ஒரு தபா தோத்தாச்சு.
இன்னொரு தபா தோக்கறதுக்கு
முன்கூட்டியே காசா?
அவுரு எதுனா கட்டணுமா?"

இல்லைம்மா.
அவர் பதவியேற்றால் போதும்.

இருபத்திரண்டு வருஷமாக
அந்த வரியை டைப் அடிக்கிறேன்.
அன்றைக்குத்தான் படித்தேன்.

வக்கீலைக் கேட்டால் வேறு சொல்வார்:
காசே வேண்டாமென்றால்
தோற்றவன் எல்லாம் இந்தப் படியில்தான் நிற்பான்,
ஜெயித்தவன் ஐந்து வருஷமும் கூண்டில் நிற்பான்,
சாக்கடையை யார் அடைப்பெடுப்பது?
அவர் சொல்வதில் தப்பில்லை.
அவர் சொல்வதில் எப்போதுமே தப்பிருக்காது.

கோர்ட்டில் கவுண்டர், மூன்று பிரதி சலான்.
ஓர் ஐம்பது ரூபாய் நோட்டு நடுவில் கிழிசல்.
கேஷியர் அதைக் கண்ணாடிக்கு வெளியே தள்ளினார்.
"செல்லாத ஓட்டு" என்றாள் தேசம்மா.
பையின் அடியில் துழாவி
ஐந்து பத்து ரூபாய்களை எடுத்து வைத்தாள்.
பஸ் காசாக இருந்திருக்கும்.
என் சட்டைப் பையில் அன்று முந்நூறு இருந்தது.
ஏனோ எடுக்கவில்லை.

பிறகு வாய்தாக்கள்.
நீதிபதி மாறினார். பிறகு இன்னொருவர்.
எதிர்மனுதாரர் பெயரில்
பஸ் நிறுத்தம் ஒன்று வந்தது,
கூரைக்கு முன்னால் பெயர் வந்தது.
ஒரு மழையில் மில் மோட்டார் எரிந்துபோய்
தேசம்மா இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை.
ரசீதை மட்டும்
ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள்.

சாட்சி விசாரணை தொடங்கிய மாதத்தில்
கவுன்சிலின் காலம் முடிந்தது.
மனு பயனற்றதாகிவிட்டதால் முடித்துவைக்கப்படுகிறது.
செலவுத்தொகை இல்லை.
யார் ஜெயித்தார் என்று
அதில் எந்த வரியும் இல்லை.
நான் இரண்டு முறை தேடினேன்.

ஈட்டைத் திரும்பப் பெற
இன்னொரு மனு, அதற்கொரு ஸ்டாம்ப்.
கைக்கு வந்ததும் கவுண்டர் ஓரத்திலேயே நின்று
எச்சில் தொட்டு எண்ணினாள்,
மறுபடி எண்ணினாள்.

"வட்டி?"

கிடையாதும்மா.

"பரவால்ல. மறுபடி எலெக்‌ஷன் வருது.
திங்கக்கிழம நாமினேஷன், இதத்தான் கட்டணும்."

நோட்டுகளைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.
படி வரை போய்த் திரும்பி,
அதுதான் முக்கியக் கவலை என்பதுபோல்
குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"இந்தத் தபா சீப்ப
வேற ஒருத்தன் கேட்டிருக்கான் சார்."