நூற்றுக்கு இருபத்தெட்டரை

எழுபத்து நாலாம் ஆண்டுப் பிக்கப். ஆறு சிலிண்டர்.
மெடிசின் ஹற் முழுக்க அலைந்து பிடித்தோம்.
"கலனுக்குப் பதினாறு மைல்" என்று சாவியைத் தந்தார்
ஒரெஸ்ற் ஹவ்ரிலுக், கண் சிமிட்டாமல்.
மீற்றர் மைலில் ஓடுகிறது,
பம்ப் லீற்றரில் ஊற்றுகிறது,
மனிதர் கலனில் பொய் சொல்கிறார்.

நான் ஒரு கொப்பி போட்டேன்.
முதல் வரி: 158 மைல், 61 லீற்றர்.
பெருக்கி வகுத்தால்
நூறு கிலோமீற்றருக்கு இருபத்து நாலு.
ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில்
ஒரு இரவு நான் மடிக்கும் விரிப்புகளில் பாதி
இதன் வயிற்றுக்குப் போகிறது.

பிறகு ஞாயிறுகள்.
சோக் பாதி மூடியபடி இறுகிக் கிடந்தது,
வெயில் ஏறியும் போர்வையை விடாத ஆள் மாதிரி.
வாக்குவம் குழாயில் மயிரிழை வெடிப்பு.
மிதவையை அரை நூல் இறக்கினேன்.
கடல் மட்டத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு அடி மேலே
காற்று மெலிவு;
ஜெற் ஒரு இலக்கம் சின்னதாய்ப் போதும்.
பின்பெட்டியில் நாலு மணல் மூட்டை, பனியில் வழுக்காமலிருக்க.
இரண்டை இறக்கினேன்.
மற்ற இரண்டையும் தொட மனம் வரவில்லை,
டன்மோர் வீதி வளைவு எனக்குத் தெரியும்.

சிவரூபனுக்குச் சொன்னது ஒன்றுதான்:
"முட்டைக்கு மேல கால் வைக்கிற மாதிரி மிதியுங்கோ."
மிதித்தார்.
தை மாதம் பத்தொன்பது புள்ளி நாலு.
அந்த இலக்கத்துக்குக் கீழே
இரண்டு கோடு போட்டேன்.

மாசியில் ஒரு வரி பிசகியது.
126 மைல், 58 லீற்றர்.
இருபத்தெட்டரை.

ஒழுக்குத் தேடினேன். மணம் இல்லை,
கராஜ் நிலத்தில் துளி இல்லை.
களவோ என்றால், ராங்க் மூடிக்குப் பூட்டு உண்டு.
பிளக்கைக் கழற்றினேன்.
போன மாதம் பால்தேநீர் நிறத்தில் இருந்த முனை
இப்போது அடுப்புக்கரி.
ஓடிய எஞ்சின் இப்படிக் கறுக்காது.
நின்றபடி இரைந்ததுதான் கறுக்கும்.

கொப்பியின் ஓரத்தில் கழித்துப் பார்த்தேன்.
தூரம் இல்லாத பெற்றோல் பத்தொன்பது லீற்றர்.
மணித்தியாலத்துக்கு இரண்டு என்று வை.
ஒன்பதரை மணித்தியாலம்
இந்த வண்டி எங்கேயோ
எங்கேயும் போகாமல் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை, இரவு வேலை முடிந்து வருகையில்
பஸ் கண்ணாடியின் உறைபனியில் நகத்தால் சுரண்டிய ஓட்டைக்குள்
எங்கள் பிக்கப்.
நூலகத்துக்குப் பக்கத்துத் தரிப்பிடம், ஆற்றைப் பார்த்தபடி.
புகைக்குழாய்க்குக் கீழே மட்டும்
ஒரு தட்டளவு பனி உருகி நிலம் தெரிந்தது.
வெள்ளரிக்காய்க் கண்ணாடிக்கூடத்தின் மேலங்கி போட்டிருந்தார்.
ஸ்ரியறிங்கில் நெற்றி.
பக்கத்து இருக்கையில் நான் கட்டிய சாப்பாடு.
மணிக் கயிற்றுக்குக் கை போனது.
இழுக்கவில்லை.

பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றியபடி
"இண்டைக்கு நல்ல வேலை" என்றார்.
"ஓம்" என்றேன்.

ஞாயிறு பொனெற்றைத் திறந்தேன்.
ஐடில் திருகாணியை உள்ளே திருக எஞ்சின் இருமியது,
கால் சுற்று வெளியே எடுக்க மூச்சு வந்தது.
எழுநூறில் இரைந்ததை ஐந்நூற்றைம்பதுக்கு இறக்கினேன்.
புகைக்குழாய் மூட்டுகளை ஒவ்வொன்றாய் இறுக்கி
சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகுதோ என்று
முழங்காலில் கிடந்து பார்த்தேன்.
ஹீற்றருக்குப் புதுத் தேர்மோஸ்ரற்.

"என்ன செய்யிறீர்?"
கராஜ் வாசலில் நின்றார்.

"நிண்டாலும் குறைவாக் குடிக்கட்டும்" என்றேன்,
தலை நிமிராமல்.
"யன்னலை மட்டும் ஒரு விரலளவு திறந்து வையுங்கோ."

நெடுநேரம் எஞ்சின்தான் கதைத்தது.
பிறகு வந்து ரோர்ச்சை எடுத்து
எனக்கு மேலே பிடித்தார்.
வெளிச்சம் நடுங்கி நடுங்கி
திருகாணிக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் இடப்பக்கம்" என்றேன்.